கலைஞர் என்று சொல்லிக்கொள்ளலாமா? டெல்டாவில் தமக்கென்று படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வேறு வேலை பார்த்துக்கொண்டே தமக்கென்று படம் எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், மருந்துக்கடைக்காரர்கள், ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், கல்லூரி மாணவிகள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை வாய்க்கால்களைப் படம் எடுத்து வருகிறேன். நாங்கள் சந்தித்தால் லென்ஸ், விலை, லேப் என்று பேச்சு ஓடும். கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, நம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்பார். அந்தக் கேள்வியின் பல வடிவங்களையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். என் கட்சி எது என்று முதலிலேயே தெரிந்துவிடட்டும்: சொல்லலாம், சொல்லவும் வேண்டும், சொன்ன பிறகு அதற்குரிய பொறுப்பைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

தமக்கென்று எடுக்கும் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

யாரும் கேட்காத படம். கூலி பேசாத படம். எடுக்காமல் விட்டால் உங்களைத் தவிர யாருக்கும் குறை தெரியாத படம். அந்தி வானம் சிவந்ததும் கைபேசியை நீட்டுகிறவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் இங்கே பேசுவது ஒரே விஷயத்தைத் தேடித் திரும்பத் திரும்பப் போகிறவர்களைப் பற்றி. எனக்குத் தெரிந்த ஒருவர் பல ஆண்டுகளாகத் தன் பாட்டியின் சமையலறையை மட்டும் எடுத்து வருகிறார். இன்னொருவர் மூடிக்கிடக்கும் தியேட்டர்களைத் தேடிப் போகிறார். எனக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும் நாட்கள்.

அந்தச் சொல்லைச் சொல்ல நா எழவில்லையே, ஏன்?

முதல் காரணம் நாம் பிறந்த மண். சிலப்பதிகாரத்து மாதவி புகாரில் ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் சோழன் முன்னிலையில் அரங்கேறி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் பெற்றாள். பெரிய கோயிலின் கல்வெட்டில் பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இருக்கிறது. கோயிலில் ஆட ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் விவரம் வீட்டு வரிசையோடு வெட்டப்பட்டிருக்கிறது. சுவாமிமலையில் ஸ்தபதி வீட்டுப் பிள்ளை மெழுகு பிசைவதில் தொடங்குகிறான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறவர்களுக்குக் கை பழகவே ஆண்டுகள் ஆகும். இத்தனை கலைகளுக்கு நடுவில், கடையில் வாங்கிய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் கலைஞர் என்றால், அடாத பேச்சாக நமக்கே படுகிறது. அந்தக் கூச்சத்துக்குள் மரியாதை இருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது காரணம், தமிழ்நாட்டில் கலைஞர் என்றால் திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதிதான் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் இந்தச் சொல்லை எடுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மூன்றாவது, என்ன தொழில் என்று கேட்டால் சம்பளம் வரும் இடத்தைச் சொல்வதுதான் நம் ஊர் வழக்கம்.

இந்த மூன்றில் முதலாவதுதான் கனமானது. ஆசானும் சபையும் இருக்கும் கலைகளில், “இது போதாது, மறுபடி செய்” என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். தனியாகப் படம் எடுக்கிறவருக்கு அப்படி யாரும் இல்லை. ஆகவே அந்த வேலையையும் அவரே செய்துகொள்ள வேண்டும்: எடுத்ததைப் பார்த்து, போதாது என்று கண்டு, மறுபடி அதே இடத்துக்குப் போக வேண்டும். இதைச் செய்கிறவர் எவரும் அந்தச் சொல்லுக்கு உரியவர் என்பது என் உறுதியான எண்ணம். பட்டம் கொடுக்க அரசன் வரப்போவதில்லை.

கேமராதானே படம் எடுக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைச் சுவாமிமலைக்கு அழைத்துப்போக ஆசை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டலைப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடு காட்டி மெழுகை வெளியேற்றி, உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். உலோகம் ஓடி நிறையும் அந்த நேரத்தில் ஸ்தபதியின் விரல் உள்ளே இல்லை. தீயும் மண்ணும் உலோகமும்தான் வேலை செய்கின்றன. அதற்காகச் சிலையைத் தீ செய்தது என்று யாரும் சொல்வதில்லை.

நான் எடுக்கும் படங்களையே எடுத்துக்கொள்கிறேன். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டால், தண்ணீர் சில நாட்களில் கல்லணைக்கு வரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுவார்கள். ஆறு, பிரிவு வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று இறங்கிக் கடைமடைக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். உலர்ந்த வாய்க்காலில் தண்ணீரின் முனை வரும்போது அது தண்ணீராகத் தெரியாது. சருகும் நுரையும் பிளாஸ்டிக் பைகளும் கருவேலங்காய்களும் ஒரு வரிசையாக நகர்ந்து வரும். வெடிப்பு ஒன்றைக் கண்டால் அதற்குள் இறங்கி நின்றுவிடும். வெடிப்பு நிறையும்வரை குமிழி வந்துகொண்டே இருக்கும். நிறைந்ததும் அடுத்த வெடிப்புக்குப் போகும். அதற்கு முன்னாலேயே எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடும்.

இதில் எதை எடுப்பது? கரையில் நின்று எடுத்தால் ஈர மண்ணும் காய்ந்த மண்ணும் இரண்டு நிறமாகப் பிரியும் கோடு கிடைக்கும். தரையோடு தரையாகக் கேமராவை வைத்தால் நுரை உயர்ந்து நின்று வாய்க்காலையே மறைத்துவிடும். ஷட்டர் வேகத்தை 1/15 நொடி வைத்தால் சருகு மட்டும் கலங்கும், வெடித்த மண் அசையாமல் நிற்கும். 1/500 நொடி வைத்தால் எல்லாமே நின்றுவிடும். தண்ணீர் வருகிறதா, வடிகிறதா என்றே தெரியாது. கரையில் மண்வெட்டியோடு ஒருவர் காத்திருக்கிறார். அவரைச் சேர்ப்பதா, விடுவதா? நான் அவர் பாதத்தைச் சேர்த்தேன், முகத்தை விட்டேன். தண்ணீர் வந்த மகிழ்ச்சியில் சிரிக்கும் முகத்தை நாளிதழ்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. குதிகாலில் காய்ந்து உரியும் பழைய சேறும், அதற்கு ஒரு சாண் தள்ளி நிற்கும் புது ஈரமும் ஒரே படத்தில் இருந்தால், அவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பது தெரியும் என்று எனக்குத் தோன்றியது. இந்த முடிவுகளில் ஒன்றைக்கூடக் கேமரா எடுக்கவில்லை. தவறாகப் போனால் அதற்கும் அது பொறுப்பாகாது.

சட்டப்படி என் படம் கலையா?

ஆம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஓவியம், சிற்பம், வரைபடம் ஆகியவற்றோடு புகைப்படத்தையும் கலைப்படைப்பு என்றே வரையறுக்கிறது. கலைத்தரம் இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட அது பார்ப்பதில்லை. படத்தின் ஆசிரியர் யார் என்றால், படத்தை எடுத்தவர். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்துக்கான உரிமை எடுத்தவரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் உள்ள அதே கால அளவு.

சட்டம் கொடுக்கும் இந்த இடம் உள்ளத்தின் தயக்கத்தைத் தீர்க்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் படத்தைக் கேட்காமல் எடுத்துக் காலண்டரில் போட்டுவிட்டு, போட்டோதானே என்று ஒருவர் சொல்லும்போது நிமிர்ந்து நிற்க இது போதும்.

நான் திருமணப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். அது கலை இல்லையா?

கலை இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். முகூர்த்த நேரத்தில், நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளம் கொட்ட, அட்சதை பறக்க, உறவினர்கள் எல்லாரும் குறுக்கே கைபேசியை நீட்ட, தாலி கட்டும் ஒரு நொடியைத் தவறவிடாமல் பிடிக்கிறவரின் கைத்திறன் என்னிடம் இல்லை. பழைய ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்த நுணுக்கத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. கூலிக்கு எடுக்கும் படத்தில் எது வேண்டும் என்பதை அந்த வீட்டார் தீர்மானிக்கிறார்கள். பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டதன்பேரில் எடுக்கும் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று அதே சட்டமும் சொல்கிறது. தமக்கென்று எடுக்கும் படத்தில் கேட்கிறவரும் நீங்களே, கணக்குச் சொல்ல வேண்டியவரும் நீங்களே. ஸ்டூடியோ நண்பர்கள் பலர் இந்த இரண்டாவது வகையைச் சும்மா எடுத்தது என்று சொல்லி மெமரி கார்டிலேயே அழித்துவிடுகிறார்கள். மண்டபத்தின் பின்புறம் வாழை இலை வெட்டும் பெண்ணை, பந்தி முடிந்த கூடத்தை, தூங்கிப்போன தவில்காரரின் பிள்ளையை அவர்கள் எடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து அவற்றை அழிக்காதீர்கள். தனி ஃபோல்டர் ஒன்று போதும்.

பெரிய படைப்பாளிகளுக்கும் இந்தத் தயக்கம் இருந்ததா?

இருந்தது. பாரிஸின் பழைய தெருக்களையும் கடைவாசல்களையும் பல்லாண்டுகள் எடுத்த யூஜீன் அட்ஜே, தன் படங்களைக் கலைஞர்களுக்கு உதவும் ஆவணங்கள் என்று சொல்லித்தான் விற்றார். 1926-இல் சர்ரியலிஸ்டுகளின் இதழ் அவர் படத்தை வெளியிட்டபோது தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு இறந்தார். பெரெனிஸ் ஆபட் என்ற இளம் அமெரிக்கப் புகைப்படக்காரர் அவருடைய நெகட்டிவ்களையும் பிரிண்டுகளையும் வாங்கிக் காப்பாற்றியிருக்காவிட்டால் நமக்குத் தெரிந்த அட்ஜே இருந்திருக்க மாட்டார்.

விவியன் மேயர் (1926–2009) சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை எடுத்து, ஏறக்குறைய யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். வாடகை கட்டாத கிடங்கு அறையின் பொருட்கள் 2007-இல் ஏலம் போனபோதுதான் அவை வெளியே வந்தன. அவர் கதையைச் சொல்லி, பெயர் எதற்கு, படம் இருந்தால் போதுமே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கதையில் வருத்தமே மிஞ்சுகிறது. எவ்வளவோ சுருள்கள் டெவலப் ஆகாமலே கிடந்தன. எது தன் நல்ல படம், எதற்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்த வரிசை நமக்குக் கிடைக்கவில்லை. நாம் பார்ப்பதெல்லாம் மற்றவர்கள் தேர்ந்தெடுத்தவை.

நம் ஊரில் நடந்ததும் ஒன்று இருக்கிறது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சைக்கு வந்தார். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே தொடராகச் செய்தார். அரசு கேட்டது பதிவு. அவர் எங்கே நின்றார், எந்த வெளிச்சத்துக்குக் காத்திருந்தார், ஒரு படத்தின் விளிம்பை அடுத்த படத்தோடு எப்படிச் சேர்த்தார் என்பதெல்லாம் அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. இன்று அந்தத் தொடரை அருங்காட்சியகங்கள் கலைப்படைப்பாகக் காட்டுகின்றன.

பெரிய கோயிலை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். எனக்கு என்ன மிச்சம்?

கோயிலை எடுங்கள், தவறில்லை. கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். டிரைபாட் வைக்கத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் மிச்சம் என்ன என்று கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னால் தார்ப்பாய் போர்த்திய நெல்லோடு இரவெல்லாம் காத்திருக்கிறார்களே, அந்த இரவை யார் தொடர்ந்து எடுத்திருக்கிறார்கள்? சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும்போது மீதிப் பாதியில் பஸ் போவதை? குறுவை நெல்லின் அறுவடையும் அடுத்த போகமான தாளடியின் நடவும் பக்கத்துப் பக்கத்து வயலில் நடக்கும் அக்டோபரை? கஜா புயல் 2018 நவம்பரில் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் சாய்த்த தென்னந்தோப்புகளில் இன்று என்ன நிற்கிறது? வேதாரண்யத்து உப்பளத்தில் நண்பகல் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் விதத்தை, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வேர்களை, வீடு வீடாகப் பட்டு நெய்யும் திருபுவனத்துத் தறிக்குழியின் இருட்டை எடுத்து முடித்துவிட்டோமா?

நடவு நடும் பெண்களைப் படம் எடுத்தால் பரிசு கிடைக்கிறது. எடுக்கலாமா?

இங்கேதான் கலைஞர் என்ற சொல்லின் பாரம் தெரியும். வரிசையாகக் குனிந்த முதுகுகள், சேலைகளின் நிறம், தண்ணீரில் வானம். கண்ணுக்கு அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இது கீழவெண்மணி இருக்கும் மண். கூலி உயர்வு கேட்டு நின்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, 1968 டிசம்பர் 25 இரவில் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குனிந்த முதுகை இந்த மண்ணில் வெறும் காட்சியாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே நான் செய்வது இது. முதலில் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரப்பில் நின்று பேசுவேன். எந்த ஊர், இன்று என்ன கூலி, எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்று கேட்பேன். எடுக்கட்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அவர் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வேன். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு அம்மாள் தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, தம்பி, கை நன்றாக விழுந்திருக்கிறது, முகம் தெரியவில்லையே என்றார். நாற்று முடியைப் பிரிக்கும் அவர் கையைத்தான் நான் பெரிதாக நினைத்திருந்தேன்; அவர் தேடியது தன் முகத்தை. அடுத்த முறை கரையேறியதும் அவர் நின்ற விதத்திலேயே, நேருக்கு நேர், ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். அது இப்போது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. என் தொகுப்பில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. முதல் படத்தை மட்டும் வைத்திருந்தால் அது அவரைப் பற்றிய அரைப் பேச்சாகவே இருந்திருக்கும்.

போட்டிக்கு அனுப்புவது உங்கள் விருப்பம். அவர் பெயரும் ஊரும் உங்களுக்குத் தெரியாத நிலையில் அனுப்பாதீர்கள்.

பெண்ணாகிய எனக்கு விடியற்காலையில் தனியாக வெளியே போக வீட்டில் சம்மதமில்லை. நான் என்ன செய்வது?

இந்தத் தடை நியாயமற்றது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். துணைக்கு ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டு வெளியே போகும் சில பெண்களை எனக்குத் தெரியும். இருவரும் கேமரா வைத்திருந்தால் இன்னும் நல்லது. வெளியே போக முடியாத நாட்களில் வீட்டுக்குள் இருப்பதைக் குறைந்த பொருளாக எண்ண வேண்டாம். கொல்லைப்புறத்துக் கிணற்றடியும் ஓட்டு வீட்டு முற்றத்தில் விழும் வெளிச்சமும் ஆண்கள் எடுக்காமல் விட்டவை.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவின் (1913–2012) தொடக்ககாலப் படங்கள் கணவரின் பெயரில் வெளியாயின. 2011-இல் அவருக்கு பத்ம விபூஷண் கிடைத்தது. உங்கள் படம் எங்கே வந்தாலும், அது ஊர்த் திருவிழா மலராக இருந்தாலும், உங்கள் பெயரில் வரவேண்டும் என்று கேளுங்கள்.

இதனால் என்ன வருமானம் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வருமானம் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். நாளைக்கு வரும் என்று ஆசை காட்டாதீர்கள். அந்த வாக்கு உங்களையே துரத்தும். செலவுக்கு ஒரு வரம்பு வைத்து, அதை வீட்டாருக்குத் தெரியும்படி நடத்துங்கள். பிறகு எடுத்ததைக் காட்டுங்கள். கைபேசியில் விரலால் தள்ளிக் காட்டுவது வேண்டாம். பிரிண்டாகக் கையில் கொடுங்கள். என் அப்பா விவசாயி. பல ஆண்டுகள் என் படங்களைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. மதகுகளின் படங்களை ஒரு நாள் தரையில் பரப்பியிருந்தபோது, அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்ன வாய்க்கால், இந்தப் பலகையை மாற்றிவிட்டார்கள், இதில் முன்பு மரக்கதவு இருந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். அன்று முதல் புது மதகு கட்டும் வேலை எங்கே தொடங்கினாலும் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்.

நல்ல கேமரா வேண்டாமா?

இருப்பது போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

லைக் குறைவாக வருகிறதே, என் படங்களில் ஏதும் இல்லையா?

லைக் வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். அந்த வாய்க்காலைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் பாருங்கள்.

எடுத்ததிலிருந்து தேர்ந்தெடுப்பது எப்படி?

என் கருத்தில், தயக்கம் தீரும் இடம் இதுதான். படம் எடுக்கும்போது நாம் பாதிதான் அறிந்திருப்போம். தேர்ந்தெடுக்கும்போதுதான் நமக்கு என்ன வேண்டும் என்பது வெளியே வரும். லேபில் சின்ன அளவில் மலிவாகப் பிரிண்ட் போடுங்கள். கூடத்துத் தரையில் பரப்பி வைத்து, நடந்து நடந்து பாருங்கள். சில நாட்கள் மூட்டைகட்டி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எடுத்த அன்று பட்ட கஷ்டத்துக்காக ஒரு படத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோமா என்று கேளுங்கள். இடுப்பளவு சேற்றில் நின்று எடுத்தோம் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ஒரே விஷயத்தை இரண்டு படங்கள் சொன்னால் ஒன்றை நீக்கிவிடுங்கள். எதை நீக்கினால் மனம் வலிக்கிறதோ அதைத் தனியே வைத்து, ஏன் வலிக்கிறது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த வரி எழுத வந்துவிட்டால், உங்கள் தொகுப்பு எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். சில சமயம் அது நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த விஷயமாகவே இருக்காது. தண்ணீரை எடுக்கிறேன் என்று நினைத்திருந்த எனக்கு, காத்திருப்பவர்களை எடுத்திருக்கிறேன் என்பது தரையில் பரப்பிய பிறகுதான் விளங்கியது.

எங்கே காட்டுவது?

2016 முதல் நடந்துவரும் சென்னை போட்டோ பியென்னாலே என்ற புகைப்படத் திருவிழா போன்ற இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்பதைக்கூடக் கவனியுங்கள். ஆனால் முதல் காட்சி உங்கள் ஊரில் நடக்கட்டும். கிளை நூலகம், பள்ளியின் ஒரு வகுப்பறை, திருவிழாப் பந்தலின் ஓரம். கயிறு கட்டிக் கிளிப் மாட்டினால் ஆயிற்று. படத்தில் இருப்பவர்கள் நடந்து வந்து பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கலைஞர் என்று எப்படிச் சொல்வது? எங்கே தொடங்குவது?

எழுத்தில் தொடங்குங்கள், வாயால் சொல்வதைவிட அது எளிது. படத்தின் கீழே பெயரும் ஆண்டும் போடுங்கள். விண்ணப்பப் படிவத்தில் வேலை என்ற இடத்தில் வேலையைச் சொல்லுங்கள், புகைப்படக் கலைஞர் என்று அடுத்த வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தபடி, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள். அந்நியரிடம் சொல்வது கடைசி. அவர் என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்பார். அதற்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடிய வேண்டும்: “கடைமடையில் தண்ணீர் வரும் நாட்களை எடுக்கிறேன்.” இப்படி ஒரு பதில் இருந்தால் முன்னால் சொன்ன சொல்லைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை, வாய்க்காலைப் பற்றித்தான் விசாரிப்பார்கள்.

சொல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தால் என்ன என்று கேட்பீர்கள். இருக்கலாம். ஆனால் சொல்லாதவரின் நேரத்தை எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் சும்மா இருப்பதாகவே வீடும் ஊரும் எண்ணும். சொன்ன பிறகுதான், அவருக்கு வேலை இருக்கிறது என்று பிறர் விலகி வழிவிடுகிறார்கள்.

ஓர் ஆண்டாக எதுவும் எடுக்கவில்லை. இன்னும் நான் கலைஞர்தானா?

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்கள் அந்த ஆண்டுகளில் குறுவையை விட்டார்கள். அவர்களை விவசாயி இல்லை என்று யாராவது சொன்னார்களா? அவர்கள் அந்த நாட்களில் வரப்பு போட்டார்கள், வாய்க்கால் தூர்வாரினார்கள். நீங்களும் பழைய படங்களைப் பிரித்து அடுக்கலாம். வீட்டில் நோய், வேலை மாற்றம், துக்கம் என்று காரணம் எதுவாக இருந்தாலும் அதற்காக உங்களை நீங்களே தள்ளிவைக்காதீர்கள்.

என் காலத்துக்குப் பிறகு இந்தப் படங்கள் என்ன ஆகும்?

நீங்கள் ஏற்பாடு செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று பரணில் கிடக்கும். தேர்ந்தெடுத்த படங்களை இரண்டு பிரதியாக, இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருக்கும் வீடுகளில் வையுங்கள். இது புயலும் வெள்ளமும் வரும் பகுதி. யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள். அறுபதாண்டு உரிமை யாருக்கு என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். முக்கியமானவற்றைப் பிரிண்ட் போட்டு, பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் தமிழில் எழுதுங்கள்: ஊர், வாய்க்காலின் பெயர், தேதி, படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயர், கடைசியில் எடுத்தவர் பெயர்.